ஓரிரு இடங்களில்

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், பங்ஸடாவ்னி என்று ஒரு சின்ன ஊர். (பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுப்பார்.) வருஷா வருஷம் பிப்ரவரி 2-ம் தேதி விடியற்காலையில் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட பெரிய மனிதர்கள் அங்கே கூடி, 'ஃபில்' என்கிற பிராணியை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். பார்த்தால் பெருச்சாளி, வம்சம் அணில். அது தன் நிழலைப் பார்த்துவிட்டால் இன்னும் ஆறு வாரம் குளிர். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரமே வந்துவிடும். 1887-லிருந்து இது நடக்கிறது. அன்றைக்கு இருந்த அதே ஃபில்தான் இன்றைக்கும் என்று வேறு முகத்தில் சிரிப்பில்லாமல் சாதிக்கிறார்கள்.

1993-ல் இதை வைத்து பில் மர்ரே நடித்த படம் ஒன்று வந்தது. கதை நடப்பது பென்சில்வேனியாவில். ஷூட்டிங் நடந்தது இல்லினாய் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்ற இன்னொரு சின்ன ஊரில். படம் ஓடியதும் அந்த ஊர்க்காரர்களும் சொந்தமாக ஒரு பிராணியைப் பிடித்து வைத்துக்கொண்டு ஜோசியம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்க வானிலைத் துறைக்காரர்கள் ஃபில்லின் சமீப வருஷத்து ஜோசியங்களைச் சரிபார்த்தார்கள். பாதிகூடப் பலிக்கவில்லை. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் இதைவிடத் தேவலை. காசுக்குத் தீனியும் போட வேண்டாம்.

ரொம்பச் சிரிக்காதீர்கள். நம்மிடமும் ஒன்று இருக்கிறது. 'சிவராத்திரியோட பனி சிவசிவான்னு போயிடும்' என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நம் முன்னோர்கள் எந்தப் பிராணியையும் தூக்கத்திலிருந்து எழுப்பவில்லை. பொறுப்பைப் பனியிடமே ஒப்படைத்துவிட்டார்கள். ஒரே ஒரு சிக்கல். சிவராத்திரி 2024-ல் மார்ச் 8. 2025-ல் பிப்ரவரி 26. 2026-ல் பிப்ரவரி 15. மூன்று வருஷத்தில் மூன்று வாரம் முன்னே பின்னே. பனிக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சமவெளிக்காரர்களான நமக்கு இதனால் நஷ்டம் எதுவும் இல்லை. கம்பளியை ஒரு வாரம் முன்னால் பரணில் போட்டால் என்ன, பின்னால் போட்டால் என்ன? மலைமேல் கதை வேறு. பேத்துப்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பேத்துப்பாறை, கொடைக்கானல் தாலுகாவில் பழனி மலைச் சரிவில், டவுனுக்குக் கீழே இருக்கிற கிராமம். அஞ்சுவீடு அருவியைத் தேடிப் போனவர்கள் வழியில் பார்த்திருக்கலாம். காப்பி, மலை வாழை, பட்டர் ஃப்ரூட், மரத்தில் சுற்றி ஏறும் மிளகு. ராத்திரியில் யானையும் காட்டு மாடும் வந்து தணிக்கை செய்துவிட்டுப் போகும். இந்த ஊருக்கு மாசி, பங்குனியில் வானிலை அறிக்கை எப்படி வருகிறது?

'திண்டுக்கல் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்.'

இந்த 'ஓரிரு இடங்களில்' என்பதை வைத்து நாம் அடிக்காத ஜோக் இல்லை. ஆனால் அது மழுப்பல் இல்லை ஸார், கணக்கு. ஒரு பகுதியில் இருக்கிற மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் 'ஓரிரு இடங்களில்'. 26 முதல் 50 வரை என்றால் 'ஒரு சில'. 51 முதல் 75 வரை 'பல'. அதற்கு மேலே போனால் 'பெரும்பாலான'. அதாவது, 'நாலு பேரில் ஒருவருக்கு நிச்சயம், அது யார் என்று கேட்காதே' என்று நேர்மையாகச் சொல்கிறார்கள். இந்த அளவு நேர்மை நம் ஆபீஸ் இன்க்ரிமென்ட் விஷயத்தில்கூடக் கிடையாது.

தகராறு 'மாவட்டம்' என்கிற வார்த்தையில் இருக்கிறது. இதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் வத்தலகுண்டும் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டரில். கொடைக்கானல் ஏரியும் இருக்கிறது, 2,100 மீட்டருக்கு மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். பெருக்கிப் பாருங்கள்: 11, 12 டிகிரி வித்தியாசம். கீழே ஃபேன், மேலே ரஜாய். நடுவில் பேத்துப்பாறை. மூன்றுக்கும் ஒரே அறிக்கை என்றால், அப்பா, பிள்ளை, பேரன் மூன்று பேருக்கும் ஒரே அளவில் சட்டை எடுத்த மாதிரி.

அந்த ஊரில் காப்பி போட்டிருக்கிற பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். "மாசியில உங்களுக்கு என்னண்ணே கவலை? அறுப்புதான் முடிஞ்சிருச்சே" என்றேன்.

"மழை வரணும் தம்பி."

"வந்தா சந்தோஷம்தானே?"

"எப்பிடி சந்தோஷம்? கடைசியாப் பறிச்ச பழம் களத்துல காயுது. அது காஞ்சு மூட்டை ஏறுன பெறகு வரணும். வந்தா முழுசா வரணும். தூறிட்டுப் போச்சுன்னா வராமலே இருந்திருக்கலாம்."

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கண்டிஷன் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் விஷயம் விளையாட்டில்லை. காப்பிச் செடியில் மொட்டுகள் கோடையில் தூங்கிக்கொண்டிருக்கும். சுமார் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஒரு நல்ல மழை விழுந்தால்தான் எழுந்திருக்கும். எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே வெள்ளை. மல்லிகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். அதற்குள் மகரந்தம் சேர வேண்டும். அந்த நேரத்தில் மழை வந்து குறுக்கே நிற்கக் கூடாது. பிறகு சில வாரத்தில் பிஞ்சைக் காப்பாற்ற இன்னொரு மழை வேண்டும். அந்த வருஷத்து வருமானம் மொத்தமும் இந்தச் சில நாட்களில் தீர்மானமாகிவிடுகிறது.

வெறும் தூறலோடு நின்றால்? மொட்டு அரைகுறையாக விழித்துக்கொண்டு, தண்ணீர் போதாமல், பூக்காமலே கருகும். இங்கேதான் வேடிக்கை. வானிலைத் துறைக் கணக்கில் 2.5 மில்லிமீட்டர் பெய்தாலே அது 'மழை நாள்'. 'மழை பெய்யக்கூடும்' என்றார்கள், பெய்தது. இலாகாவுக்கு நூற்றுக்கு நூறு மார்க். பேத்துப்பாறைக்காரருக்கு நஷ்டம்.

சரி, மோட்டார் போட்டுத் தண்ணீர் தெளிக்கலாமே என்பீர்கள். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர். நம் ஃப்ளாட்டுகளுக்கு வருகிற பத்தாயிரம் லிட்டர் லாரிக் கணக்கில் ஏக்கருக்குப் பத்து லாரி. மலைச் சரிவில். ஓடையே இளைத்துக் கிடக்கிற மாசத்தில். இன்றைக்கு டீசல் ஊற்றித் தெளித்துவிட்டு நாளைக்கு வானம் இலவசமாகக் கொட்டினால் வயிறு எரியும். வானத்தை நம்பிச் சும்மா இருந்து மழை வராவிட்டால் செடி எரியும். பெரியவர் வானிலை அறிக்கை பார்ப்பது குடை எடுக்கலாமா என்பதற்காக இல்லை. இந்த முடிவை எடுப்பதற்காக.

இதில் இன்னொரு விசித்திரம். மழை எப்போது வரும், எப்போது ஏமாற்றும் என்ற கேள்விக்காகவே வைத்த ஓர் ஆராய்ச்சிக்கூடம் அதே மலையின் உச்சியில் இருக்கிறது. கொடைக்கானல் போனவர்கள் எல்லாரும் வாசலில் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள்: சூரிய ஆய்வுக்கூடம். சென்னை மாகாணத்தில் பஞ்சம் தாக்கிய பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற யோசனை எழுந்தது. 1893-ல் லண்டனில் கமிட்டி கூடி, தூசியில்லாத உயரமான இடமாக இருக்கட்டும் என்று கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. 1901-ல் சூரியனைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு இன்றும் அவர் பெயர்தான். 15 கோடி கிலோமீட்டர் தள்ளி எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. கீழே பேத்துப்பாறையில் வியாழக்கிழமை மழையா என்பதுதான் இன்னும் பாக்கி.

விஞ்ஞானிகளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கம்ப்யூட்டர் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. நம் வானிலைத் துறையில் அந்தக் கட்டம் 12 கிலோமீட்டராக இருந்தது. 2025 மே மாதம் 6 கிலோமீட்டராகச் சுருங்கியது. பெரிய முன்னேற்றம். ஆனால் மலையில் 6 கிலோமீட்டருக்குள் ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு முகடு, ஒரு அருவி எல்லாம் அடக்கம். மாசி, பங்குனி மழை பருவமழை மாதிரி ஊரைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. காலை வெயிலில் சரிவு சூடாகி, மத்தியானம் மேகம் திரண்டு, இந்த முகட்டில் கொட்டிவிட்டு அந்த முகட்டைப் பார்க்காமலே போய்விடும். கையில் இருக்கிற செல்போனில் நாலு மணிக்கு மேகப் படம், ஐந்து மணிக்குத் துளிப் படம் என்று அழகாகத்தான் வருகிறது. "அது மேகத்துக்குத் தெரியணுமே தம்பி" என்கிறார் பெரியவர்.

ஆகவே அவர் அறிக்கையையும் கேட்கிறார், வானத்தையும் பார்க்கிறார். ராத்திரி மேகமே இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து காற்றும் அசையாமல் இருந்தால், விடியும்போது மேலே டவுன் பக்கத்துப் பள்ளங்களில் புல் வெள்ளையாக இருக்கும் என்று சொல்லிவிடுவார். நிலத்தின் சூட்டைப் போர்த்தி வைக்க மேகம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். யோசித்தால் ஃபில் கதையிலும் இதுதான் இருக்கிறது: நிழல் தெரிந்தால் வானம் தெளிவு, வானம் தெளிவென்றால் குளிர். பெருச்சாளி முட்டாள் இல்லை. ஒரு நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஆறு வாரத்துக்கு இழுத்ததுதான் தப்பு.

மழை வராமலே போனால் காப்பியோடு நிற்பதில்லை. காய்ந்த புல் நெருப்புக்குக் காத்திருக்கும். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இளைஞர்கள் பலரைக் காட்டுத் தீ கொண்டுபோனது. உங்களையும் என்னையும் போல லீவு போட்டுவிட்டுப் போனவர்கள்.

நமக்கு 'நல்ல வெதர்' என்றால் பளிச்சென்ற வானம், இதமான வெயில், பைக், போட்டோ. பேத்துப்பாறைக்கு மாசியில் அதைவிடக் கெட்ட சேதி கிடையாது. அடுத்த முறை ஃப்ரெண்ட்ஸோடு போய், ஒரு மத்தியானம் முழுக்கக் கொட்டி, ரூமிலேயே சீட்டாட நேர்ந்தால், "வெதர் சொதப்பிடுச்சு மச்சி" என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெதுவாக. பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஒருவர் கையை நீட்டி, விழுகிற துளியை எண்ணிக்கொண்டு, 'இன்னும் அரை மணி நேரம், இன்னும் அரை மணி நேரம்' என்று கேட்டுக்கொண்டிருப்பார்.