கடைசிப் படகுக்கு முன் போட வேண்டிய கணக்கு

தீவகத்தில் வியாபாரம் செய்யும் எமது சகோதரர்கள் சரக்கு விடயத்தில் கணக்குத் தவறுவதில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு எத்தனை மூடை ஏற்றலாம், நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாவுக்கு எந்த நாளில் கடை போட வேண்டும், காற்றுக் காலத்துக்கு எவ்வளவு சரக்கு கையிருப்பில் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் நெஞ்சு நொந்தால் எங்கே போவது என்ற கணக்கை மாத்திரம் நொந்த பிறகுதான் போடப் பார்க்கிறார்கள்.

கொழும்பில் இருப்பவர் "பின்னேரம் வரை பார்ப்போம், கூடினால் போவோம்" என்று சொல்லலாம். அங்கே நடுச்சாமத்திலும் ஓட்டோ கிடைக்கும். நெடுந்தீவில் பின்னேரம் வரை பார்ப்பதென்றால் விடியும் வரை பார்ப்பது என்றுதான் அர்த்தம். ஆகவே தீவில் உள்ளவர் கேட்க வேண்டியது "இப்போது எவ்வளவு நோகிறது" என்பதல்ல. "கடைசிப் படகு போன பிறகு இது கூடினால் என்ன செய்வேன்" என்பதே. வெட்டுக்காயம், காய்ச்சல், வயிற்றோட்டம் போன்றவற்றுக்கு உள்ளூர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு தாராளமாகப் போதும். இரண்டு தையலுக்காக ஒரு நாள் வியாபாரத்தை விட்டு யாழ்ப்பாணம் ஓடுவதும், போதனா வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் உயிருக்குப் போராடுபவர்களோடு வரிசையில் நிற்பதும் யாருக்கும் இலாபமில்லை.

மாரடைப்பும் பாரிசவாதமும் அப்படியல்ல. மூளையில் இரத்தம் கட்டியதால் வரும் பாரிசவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சீ.ரி. ஸ்கேன் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நெடுந்தீவிலிருந்து கடல்வழி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் வரை தரைவழியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். படகு கிடைக்கும் நேரம், ஸ்கேன் எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். "கொஞ்சம் படுத்தெழும்பினால் சரியாகும்" என்பதற்கு மிஞ்சுவது எத்தனை நிமிடம்? வாய் கோணினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அப்போதே மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

நெஞ்சுநோவை 'காஸ்' என்று சொல்லிப் பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு கல்லாப் பெட்டியில் இருக்கும் முதலாளிமார் எமக்குள் அதிகம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நெஞ்சுநோ இல்லாமலே மாரடைப்பு வரலாம். வெறும் வியர்வையும் மூச்சு முட்டலும் களைப்பும் மட்டும் தெரியக்கூடும். எமது வியாபாரிகளில் சீனி இல்லாதவர்களை எண்ணுவதுதான் இலகு!

அதேவேளை, பெரிய வருத்தம் என்றால் உள்ளூர் வைத்தியசாலையைத் தாண்டி நேராகப் போதனா வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்று நினைப்பதையும் நான் ஏற்கவில்லை. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையோ, நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை பிரதேச வைத்தியசாலைகளோ செய்யக்கூடியது பாதி வேலைதான் என்றாலும் அந்தப் பாதி முக்கியமானது. முதல் மருந்தைக் கொடுப்பதும், யாழ்ப்பாணத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பதும், அம்புலன்சையோ படகையோ ஒழுங்கு செய்வதும் அவர்கள்தான். தீவுகளிலிருந்து கடற்படைப் படகிலும், சில வேளை விமானப்படை ஹெலிகொப்டரிலும் நோயாளர்கள் கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். தானாகப் படகு பிடித்துப் போகிறவருக்கு நடுக்கடலில் மயக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பது மூடைகள் மட்டுமே.

தரைப்பாதையால் இணைந்த வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு 1990 அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. இந்தியாவின் நன்கொடையோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்த இலவச சேவை இது. 1990 என்றதும் எமது சமூகத்தவருக்கு அந்த ஒக்டோபரும், உடுத்த துணியோடு வெளியேறியதும்தான் ஞாபகத்துக்கு வரும். மறக்க முடியாத இலக்கம்; இனி இதற்காகவும் ஞாபகம் வைத்துக்கொள்வோம். ஆனால் வண்டி கடல் தாண்டாது. நெடுந்தீவுக்காரர் முதலில் தமது வைத்தியசாலைக்கே போக வேண்டும்.

கடைப் பொடியன்மார் விடயத்தையும் சொல்லத்தான் வேண்டும். முதலாளிக்கு நெஞ்சு நொந்தால் வான் பிடிக்கிறோம். மூடை தூக்கும் பொடியனுக்கு நொந்தால் பனடோல் கொடுத்து, "படகு வந்திட்டுது, சாமானை இறக்கு" என்கிறோம். அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். அவனைத் தடுப்பது பெரும்பாலும் அன்றைய சம்பளம் வெட்டுப்படும் என்ற பயம்தான். வைத்தியசாலைக்குப் போன நாளுக்குச் சம்பளம் வெட்டுவதில்லை என்று இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் எமது கையில் உள்ள அமானிதம்.

கடைக் கல்லாவில் ஒரு கடித உறை வையுங்கள். அதில் கிளினிக் கொப்பியின் பிரதி, குடிக்கும் குளிசைகளின் பெயர், ஒவ்வாத மருந்தின் பெயர், போக்குவரத்துக்குக் கொஞ்சக் காசு, உள்ளூர் வைத்தியசாலையினதும் ஒரு படகோட்டியினதும் தொலைபேசி இலக்கங்கள் இருக்கட்டும். சாவியை யாரிடம் கொடுப்பது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடையை யார் பூட்டுவது என்று யோசித்தே பலர் படகைத் தவறவிடுகிறார்கள்.