வேலை இருக்கும் நாய் வேலைக்கு வரட்டும்

2025 டிசெம்பர் 1ஆம் திகதி, இந்திய நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நாளில், மாநிலங்களவை உறுப்பினர் ரேணுகா சௌத்ரி தெருவில் கண்டெடுத்த நாய்க்குட்டி ஒன்றைக் காரில் வைத்தபடி வளாகத்துக்குள் வந்தார். அவரை இறக்கிவிட்ட கார் குட்டியோடு வீட்டுக்குத் திரும்பிப் போனது. விசயம் அவ்வளவுதான். ஆனால் ஆளும் கட்சி உரிமை மீறல் என்றது. கடிக்கிறவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்ற பொருளில் அவர் பதிலடி கொடுத்தார். தொலைக்காட்சிகள் அதையே மென்றன. அதைத் தொட்டு, வேலைத்தலத்துக்கு நாயைக் கூட்டி வரலாமா என்ற விவாதம் தமிழ் முகநூல் பக்கங்களுக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கிழமை இலங்கையில், எங்கள் வன்னியின் பல வயல்கள் டித்வா புயலின் வெள்ளத்தில் கிடந்தன.

இந்த விவாதத்தில் என்னை எரிச்சலூட்டுவது, இரண்டு தரப்பும் நாயை ஒரு வேலையும் இல்லாத பிராணியாகவே பார்ப்பதுதான். ஒரு தரப்புக்கு அது மன அழுத்தம் தீர்க்கும் மருந்து, மற்றத் தரப்புக்கு அது தொல்லை. நாயும் உழைக்கிறது என்பது இருவருக்குமே தெரியவில்லை.

எங்கள் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் நாய் வேலைக்குப் போவது விவாதப் பொருளே இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேற்றத் திட்டமாக எழுந்த ஊர் இது. கதிர் பால்பிடிக்கத் தொடங்கியதும் கமக்காரரின் இரவு வயலுக்கு மாறிவிடும். கொட்டிலில் ஆள், வரம்பில் நாய். வாய்க்கால் கரைப் பற்றைக்குள்ளால் பன்றி இறங்கும்போது நாய் குரைக்கும் விதம் வேறு, வழிப்போக்கரைக் கண்டு குரைக்கும் விதம் வேறு. டோர்ச்சைத் தேடுவதா, போர்வையை இழுத்து மூடுவதா என்பதைப் படுத்திருக்கிற மனிதர் அந்தச் சத்தத்தை வைத்தே முடிவெடுப்பார். பழகிய நாய் பன்றிக்கு நேரே போகாது, பக்கவாட்டில் ஓடிக் குரைத்துத் திருப்பும். அவசரப்பட்ட நாயின் வயிற்றைத் தனியன் பன்றி கிழித்துவிடும். விடிந்ததும் அதைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் ஓட வேண்டும். யானை வந்தால் கதை வேறு. குரைத்துக்கொண்டு போன நாய், யானை திருப்பித் துரத்தியதும் எசமானின் காலடிக்கே ஓடி வரும், பின்னால் யானையும் வரும். ஆகவே யானை நடமாடும் பக்கத்தில் நாயைக் கட்டி வைப்பார்கள். இது ஒரு தொழில் அறிவு. எந்தப் பயிற்சிக் கல்லூரியும் இதைச் சொல்லித் தரவில்லை.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை இலங்கை முழுவதும் ஐந்து நிமிடத்தில் பயிர் அழிக்கும் விலங்குகளை எண்ணினார்கள். குரங்குகள் 50 இலட்சத்துக்கு மேல், மயில்கள் 40 இலட்சத்துக்கு மேல் என்று கணக்கு வந்தது. எண்ணிய முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் கச்சானும் மரவள்ளியும் நட்டவர்களுக்கு அந்தக் கணக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. கட்டுத்துவக்கும் திருட்டு மின்சாரக் கம்பியும் பன்றியோடு சேர்த்து மனிதரையும் கொல்கின்றன. ஆளைக் கொல்லாத காவல் ஒன்று ஏழைக் கமக்காரரிடம் இருக்கிறதென்றால் அது நாய்தான்.

வன்னி மண்ணில் நாய் செய்த இன்னொரு வேலையையும் மறக்கக்கூடாது. போருக்குப் பின் சனம் திரும்பி வந்து குடியேறுவதற்கு மண்ணைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவிடம், அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவகம் வழங்கிய மோப்ப நாய்கள் இருந்தன. இத்தகைய நாய் நீண்ட கயிற்றில், கையாள்பவரின் சொல்லுக்கு ஒரு கோடு பிடித்தாற்போல் நடக்கும். வெடிமருந்தின் வாசம் பிடித்ததும் தொடாமல், குரைக்காமல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். வெயில் ஏறினால் மூக்கு களைத்துவிடும் என்பதால் காலை வேளையிலேயே வேலை முடியும். கூலி ஒரு பந்து விளையாட்டு. இலங்கை 2017இல் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. கண்ணிவெடிகளை முற்றாக அகற்ற 2028 ஜூன் 1 வரை தவணை இருக்கிறது. இந்த நாய்களின் வேலைத்தலத்துக்கு யாரும் ‘செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டா?’ என்று கேட்டதில்லை.

இனிக் கந்தோருக்கு வருவோம். அமெரிக்காவில் 1999இலிருந்து ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நாயை வேலைக்குக் கூட்டிப் போகும் நாள் ஒன்று கொண்டாடுகிறார்கள். மும்பையில் டாடா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸில் தெருநாய்களுக்கென்றே தனி அறை உண்டு. அந்த அறைக்குக் காரணமான ரத்தன் டாடாவின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஒரு முதலாளியின் சொந்தக் கட்டடம். நாய் பிடிக்காத ஊழியர் அங்கே எந்த அளவுக்கு வாய் திறக்க முடியும்?

நாய் ஆதரவாளர்கள் ஓர் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2012இல் வெர்ஜீனியா கொமன்வெல்த் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது. நாயோடு வேலைக்கு வந்தவர்களின் மன அழுத்தம் பொழுது போகப் போகக் குறைந்ததாம். அது பாத்திர பண்டம் விற்கும் ஒரேயொரு கம்பெனியில், சுமார் 75 பேரிடம், ஒரு கிழமை நடந்தது. எச்சிலில் அழுத்த இயக்குநீரை அளந்தபோது வேறுபாடு தெரியவில்லை. இந்த ஆய்வை வைத்துக் கொள்கை வகுக்கச் சொல்கிறவர்களோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பிரதேச செயலகத்தின் விறாந்தையை நினைத்துப் பாருங்கள். கணவரைப் போரில் இழந்த தாய் ஒருத்தி உதவிப்பணப் படிவத்தோடு காலை எட்டு மணிக்கே வந்து நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை. போன மாதம் நாய் கடித்து ஊசி போட்ட பிள்ளை. மேசைக்கு அடியில் உத்தியோகத்தரின் நாய் படுத்திருக்கிறது. ‘அது ஒன்றும் செய்யாது’ என்று அவர் சிரிப்பார். அவளுக்கு வேறு கந்தோர் கிடையாது, வேறு வரிசையும் கிடையாது. கையெழுத்து வேண்டுமென்றால் அந்த மேசைக்குத்தான் போக வேண்டும். வாடிக்கையாளர் விரும்பாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம், குடிமகள் எங்கே போவாள்? சம்பளம் வாங்குகிறவரின் சௌகரியத்துக்காகச் சேவை கேட்டு வருகிறவரின் பயத்தை மிதிப்பது அதிகாரத் திமிர். அதற்கு அன்பென்று பெயர் வைக்க வேண்டாம். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய்க்கு இது பொருந்தாது, அது தன் வேலையில் நிற்கிறது.

மறுபக்கமும் நியாயமில்லை. 2025 நவம்பர் 7ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் பாடசாலை, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகத்தில் விடச் சொன்னது. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் நாய் கூடாது என்பது சரி. ஆனால் எத்தனை காப்பகம் கட்டுவீர்கள்? எங்கள் மாவட்டத்தில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை ஒரு நாய்கள் சரணாலயம் நடத்துகிறது, அது பெரிய தொண்டு. கட்டாக்காலி நாய்ப் பிரச்சினையை அறக்கட்டளைகளின் தலையில் கட்டிவிட்டு அரசாங்கம் ஒதுங்க முடியாது.

இங்கேதான் நான் அலுக்காமல் சொல்லிவரும் எண்ணைச் சொல்ல வேண்டும். 377. 1973ஆம் ஆண்டு இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் இறந்தவர்களின் தொகை அது. ஏறக்குறைய நாளுக்கு ஒருவர். அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகிச் சாகிற சாவு அது. இன்று அந்தத் தொகை ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவில் நிற்கிறது. நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி, கடிபட்டவருக்கு அரச மருத்துவமனையில் இலவச ஊசி என்ற இரண்டுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஊர் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் பரவல் அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 377ஐ இருபதாக்கத் தெரிந்த நாட்டுக்கு, இருபதைப் பூச்சியமாக்க ஏன் முடியவில்லை?

காரணம் வெளிப்படையானது. உரிமையாளர் இல்லாத நாய்க்கு ஊசி போட ஆள் இல்லை. உரிமையாளர் இருக்கும் நாய்களிலும், வேலை செய்கிற நாயைத்தான் மனிதர் தேடிப் பிடித்து ஊசிக்குக் கொண்டு போகிறார். பன்றிக் காவலுக்கு நாய் வைத்திருப்பவருக்கு அந்த நாயின் சுகம் தன் நெல்லின் சுகம். ஆகவே வேலை உள்ள நாயே நோயற்ற நாய். நாய்களைப் பதியச் சொல்லும் சட்டம் 1901இலேயே வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, நாயின் கழுத்தில் இருக்க வேண்டிய தகட்டைத்தான் காணவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மக்கள் சேவை பெற வரும் எந்தக் கந்தோருக்குள்ளும் செல்லப்பிராணிக்கு அனுமதி இல்லை என்று அரசாங்கம் எழுத்தில் சுற்றறிக்கை விட வேண்டும். கரைச்சிப் பிரதேச சபை கமநல சேவை நிலையங்களோடு சேர்ந்து, ஒவ்வொரு காலபோகத்துக்கும் முன்னர் காவல் நாய்களை வயல்வெளியிலேயே இலவசமாகப் பதிந்து, ஊசி போட்டு, தகடு கட்ட வேண்டும். பன்றி கிழித்த நாய்க்கு இரவிலும் வைத்தியம் கிடைக்க வேண்டும். மாட்டுக்குக் காப்புறுதி கொடுக்கிற கமநலக் காப்புறுதிச் சபை, பதிந்த காவல் நாயையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இவ்வளவையும் தொடர்ந்து செய்தால் மட்டும் விசர்நாய்க்கடி ஒழிந்துவிடாது, உரிமையாளர் இல்லாத நாய்களுக்கும் ஊசி போக வேண்டும்; ஆனால் வன்னியில் அதை ஒழிக்கும் வேலைக்கு இது நல்ல தொடக்கம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். நாடாளுமன்றக் காரில் இருந்த குட்டியைப் பற்றிப் பேச நேரம் கண்டவர்கள், வரம்பில் விடியும்வரை கண்விழிக்கும் நாய்க்கு ஓர் ஊசியும் ஒரு தகடும் கொடுப்பது பற்றியும் பேசட்டும், எங்கள் பிரதேச சபை அதை அடுத்த அமர்விலேயே எடுக்கட்டும்.