நான் கிழித்த பாட்டு நோட்டு



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. "இப்ப வர்றதெல்லாம் ஒரு பாட்டா?" என்று மச்சான் ஒரு வரி போட்டார். பேத்தி பதிலுக்கு நாலு வரி போட்டாள். ராத்திரி பதினோரு மணி வரை ஓடியது. கடைசியில் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். குழுவில் சொன்னால் பேத்தி பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். பழைய மாணவர்களும் படியுங்கள். உங்களுக்கு நான் தரவேண்டிய ஒரு பாக்கியும் இதில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மச்சான் கட்சி தோற்றது.

என் தாத்தாவுக்கு எம்.கே. தியாகராஜ பாகவதர்தான் பாட்டு. 1944-இல் வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் என்று சொல்லிச் சொல்லியே மகிழ்வார். அப்பா விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாட்டைப் போட்டால், "சரக்கே இல்லாத பாட்டு" என்று எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். 1976-இல் அன்னக்கிளி வந்தது. நாங்கள் கிறுக்குப் பிடித்துத் திரிந்தோம். "வயக்காட்டுல பாடுறதை எதுக்குடா காசு குடுத்துக் கேக்கணும்?" என்றார் அப்பா. 1992-இல் ரோஜா வந்தபோது ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, "இது மனுஷன் போட்ட பாட்டு இல்ல, கம்ப்யூட்டர் போட்டது" என்று சொன்னவன் நான்தான். இன்று என் மகன் ரஹ்மான் மாதிரி வருமா என்கிறான், பேத்தி அனிருத் பாட்டில் இருக்கிறாள். நாலு தலைமுறையாக எங்கள் வீட்டில் ஒரே வசனம். ஆள்தான் மாறுகிறோம்.

பதினைந்து வயதில் கேட்ட பாட்டு மனதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் நமக்கு விருந்தாளி. விருந்தாளி மேல் குறை சொல்வது சுலபம்.

இன்னொன்று, பழையது என்று நாம் சொல்வது பழையது முழுவதும் இல்லை, சலித்து எடுத்தது. தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க, டிவி இருந்த வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் நாம். அதில் வந்த பாட்டில் பாதி இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. மறந்ததைக் கணக்கில் சேர்க்காமல், நினைவிருப்பதை மட்டும் வைத்துப் பொற்காலம் என்கிறோம். அந்தக் காலப் படங்களில் கதாநாயகன் ஒரு பெண்ணின் பின்னாலேயே போய்க் கேலி செய்வான். அவள் கோபப்பட்டால் ஒரு அறை விடுவான். அடுத்த காட்சியில் அவளுக்குக் காதல் வந்துவிடும். நாம் கை தட்டினோம். பேத்தியோடு அப்படி ஒரு படம் பார்த்தபோது, "தாத்தா, இவனை ஏன் யாரும் போலீஸ்ல சொல்லல?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அதற்காக இப்போது வருவதெல்லாம் அமிர்தம் என்று சொல்லவில்லை. எனக்கும் மூன்று புகார் உண்டு.

ஒன்று, சத்தம். பாட்டில் சொல் காதில் விழவேண்டும். சொந்தத் தாய்மொழிப் படத்துக்குக் கீழே எழுத்துப் போட்டுப் பார்க்கும் நிலைமை எனக்கு. காது மந்தம் என்று மகன் சொல்கிறான். இருக்கலாம், ஆனால் விஸ்வநாதன் பாட்டில் இதே காதுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது.

இரண்டு, ரத்தம். அரிவாளோடு நூறு பேரை வெட்டிவிட்டு நடந்து வருபவனுக்கு விசில் அடிப்பதை என்னால் ரசிக்க முடியவில்லை. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகள் சண்டையை விலக்கிவிட்டவன் நான்.

மூன்று, சீரியல். ஒரு அறை விழுந்தால் ஐந்து முகத்தை மூன்று தரம் காட்டுகிறார்கள். 2002-இல் மெட்டி ஒலியில் ஐந்து பெண்களைப் பெற்ற அந்த அப்பா ஒரு பெருமூச்சு விட்டால் நம் வீட்டு ஆள் விட்ட மாதிரி இருக்கும். இப்போது என் மனைவி பார்க்கும் சீரியலை நான் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர்தான் படிக்கிறேன். அரை மணி நேரமாகப் பக்கத்தைத் திருப்பவில்லையே என்று அவள் கேட்பது வேறு விஷயம்.

நல்லதும் வருகிறது பிள்ளைகளே. கடைசி விவசாயி பாருங்கள். நல்லாண்டி என்ற பெரியவர் அதில் நடிக்கவே இல்லை, சும்மா இருக்கிறார். படம் வெளிவருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்தபோது பேரன் ஓடி வந்து, "தாத்தா, ஒரு புதுப் பாட்டு கேளுங்க" என்றான். குணா பாட்டு! 1991 தீபாவளிக்குத் தளபதியும் குணாவும் சேர்ந்து வந்தன. எங்கள் ஊரில் எல்லோரும் தளபதி பின்னால் போனோம். அன்று நாம் விட்ட பாட்டை ஒரு மலையாளப் படம் தூசி தட்டிப் பேரன் கையில் கொடுத்திருக்கிறது.

மெய்யழகன் பற்றிச் சொல்லவேண்டும். நீளம் என்று பலர் சொன்னதால் வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்கள். எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை. தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவனின் பெயர் நினைவில்லாமல் அரவிந்த்சாமி தவிப்பாரே, அந்த இடத்தில் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

காரணம் இதுதான். 1986 என்று நினைக்கிறேன், ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒரு பையன். சொல்வதை எழுதுதலில் எப்போதும் குறைந்த மதிப்பெண். ஒருநாள் யாப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது மடியில் ஒரு நோட்டு வைத்திருந்தான். பிடுங்கிப் பார்த்தால் முழுக்கச் சினிமாப் பாட்டு. "ரேடியோவுல கேட்டு எழுதினேன்யா" என்றான். வகுப்பின் முன்னால் நிற்கவைத்து, நோட்டை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலையில் கூடையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கக் காசில்லாத பையன். இலங்கை வானொலியில் பாட்டு வரும்போது காதில் விழுந்த வேகத்துக்கு எழுதியிருக்கிறான். புரியாத சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறான். அந்த இடங்களெல்லாம் பிறகு வேறு மையில் நிரப்பப்பட்டிருந்தன. அதே பாட்டு இன்னொரு நாள் வரும்வரை காத்திருந்து நிரப்பியிருக்கிறான். லகர, ளகர, ழகரத்தில் ஒரு பிழை இல்லை.

நான் வைத்த சொல்வதை எழுதுதலில் தோற்றவன், தினமும் ராத்திரி தானே ஒரு சொல்வதை எழுதுதல் வைத்துத் தேறிக்கொண்டிருந்தான். அதைத்தான் நான் கிழித்தேன். மறுநாள் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஆசிரியர் என்ற கெத்து விடவில்லை. அடுத்த வருடம் அவன் வரவில்லை. உப்பளத்துக்குப் போயிருப்பான் என்றார்கள். நான் போய் விசாரிக்கவில்லை. இன்று அவன் கையெழுத்து கண்ணில் நிற்கிறது, பெயர் நினைவில்லை.

அந்த வகுப்பில் படித்தவர்கள் யாருக்காவது அவனைத் தெரிந்தால், கீழே பெயர் போடாதீர்கள். எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். எழுபது தாண்டிவிட்டது, நேரில் போய்ப் பேச ஆசை.

மச்சான், உங்களுக்கு ஒன்று. அடுத்த முறை பேத்தி பாட்டுப் போட்டால், இது ஒரு பாட்டா என்று கேட்காதீர்கள். "அந்தப் பாட்டை எனக்கு எழுதிக் குடும்மா" என்று கேளுங்கள். நான் கேட்டேன். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மூன்று ழகரப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்திருக்கிறேன். தாள் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா