பேசுபவருக்கு அருகில் ஒருவர்

நெருக்கடியில் சிக்கியவரிடம் பேசியே உயிர் காக்கும் காவலர்களைப் பற்றி இவ்விதழில் எழுதுவது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். நோயுற்றவரின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்போர் அவர்களிடம் கற்கத்தக்கது உண்டு என எண்ணுகிறோம்.

1973 ஜனவரியில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கொள்ளையிட ஒரு கடைக்குள் நுழைந்த நால்வர் அங்கிருந்தோரைப் பிணையாகப் பிடித்தனர். காவலர் ஒருவர் சுடப்பட்டு இறந்த பின்னரும், காவல்துறை கதவை உடைத்துப் புகாமல் 47 மணி நேரம் பொறுத்திருந்தது. பிணையாளிகள் கூரை வழியே தப்பினர், நால்வரும் சரணடைந்தனர். உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற காவலர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க் முன்னின்று உருவாக்கிய பேச்சுவார்த்தைக் குழு அவ்வாண்டே அங்கு அமைந்தது.

அப்பணியில் பெரும்பகுதி கேட்பதே. எதிரிலிருப்பவரின் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்வர். “மிகவும் அஞ்சுகிறீர்கள் போலும்” என்று அவருடைய உணர்வுக்குப் பெயர் தருவர். பின்னர் மௌனமாகக் காத்திருப்பர். காக்க இயலாத வாக்கைத் தருவதில்லை. “எல்லாம் சரியாகிவிடும்” என்னும் வாக்கு எங்கள் வார்டுகளில் நாளொன்றுக்கு எத்தனை முறை ஒலிக்கிறது! “இனி எதற்கு வாழவேண்டும்” என நோயாளி தொடங்கியதும், “அப்படியெல்லாம் பேசாதீர்கள்” என வாயடைத்துவிடுகிறோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடாது. பேச்சுவார்த்தையாளர் தயங்காமல் கேட்கிறார், குடும்பத்தாரும் கேட்கலாம். ‘ஆம்’ என்றால் அவரைத் தனியே விடாது செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். வீட்டிலிருப்போர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அவர்களது மற்றொரு வழக்கமே எங்களை மிகவும் ஈர்த்தது. பேச்சுவார்த்தையாளர் தனித்து அமர்வதில்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் அருகிலிருந்து கேட்டுக் குறிப்பெழுதித் தருவார். பேசுபவர் களைத்தால் வேறொருவர் அவ்விடத்தில் அமர்வார். அதை எவரும் இழுக்காகக் கருதுவதில்லை. நம் குடும்பங்களிலோ ஒரு மகளோ மனைவியோ மாதக்கணக்கில் ஒற்றையாய் நிற்கிறார். உறவினர் பழக்கூடையுடன் வந்து, அரைமணி நேரம் அறிவுரை கூறித் திரும்புகின்றனர். (அப்பழத்தை நோயாளி உண்பதும் அரிது.)

உடனிருப்போர் ஒருவருக்கே அனுமதிச் சீட்டு என்னும் விதி, நெரிசலையும் தொற்றையும் தவிர்க்க வேண்டியதே. எனினும் அச்சீட்டு ஒரே கையில் இருந்தாக வேண்டுமென்பதில்லை. அடுத்து நலம் விசாரிக்க வருபவர் அதை வாங்கிக்கொண்டு ஓரிரவு இங்கே தங்கட்டும். அம்மகள் வீட்டிற்குச் சென்று உறங்கட்டும்.