பத்துப் பிள்ளைகளும் நூறு விழுக்காடும்

"அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடமா? அங்கே சேர்த்தால் பிள்ளை தேறாது!" இவ்வாறு ஒரு பட்டணத்துக் கனவான், கலியாணப் பந்தியில் அமர்ந்து பாயசத்தை உறிஞ்சியபடியே தீர்ப்பளித்ததை அண்மையில் நம் செவியாரக் கேட்டோம். தீர்ப்புக்கு ஆதாரம் யாதென வினவினோம். பழைய பரீட்சை முடிவுகளைப் பார்க்கச் சொன்னார். நூற்றுக்கு ஐம்பதுகூடத் தேறியதில்லை என்றார். அந்நாளில் அப்பள்ளியின் ஆறாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் இருந்தனர் என்று கேட்டோம். அது அவருக்குத் தெரியாது.

தோழர்களே! தெரியாமலே தீர்ப்புக் கூறும் இந்த வழக்கம் அந்த ஒருவரோடு நிற்கவில்லை. தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சுத்தான் நடக்கிறது. ஆதலின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் ஆண்டில் எட்டுப் பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒரு சிறுவன் தவறினால் பன்னிரண்டரை விழுக்காடு சரிந்துவிடுகிறது. நூற்றிருபது பேர் உள்ள பட்டணத்துப் பள்ளியில் ஒருவன் தவறினால் ஒரு விழுக்காடுகூடக் குறைவதில்லை. முந்திய பள்ளியில் இவ்வாண்டு இரண்டு மந்தமான பிள்ளைகள் வந்தால் "வீழ்ச்சி" என்று கூக்குரல். மறு ஆண்டு இரண்டு கெட்டிக்காரர் வந்தால் "மகத்தான எழுச்சி" என்று மாலை மரியாதை. உபாத்தியாயர் அவரேதான், கரும்பலகையும் அதேதான். இதை ஒரு கல்வி அளவு என்று எந்த அறிவாளி ஒப்புவான்?

யூ.பி.எஸ்.ஆர். என்னும் அப்பரீட்சை 1988 இல் தொடங்கி, 2020 இல் கொள்ளைநோயால் நடவாமற்போய், 2021 இல் நீக்கப்பட்டது. பரீட்சை போயிற்று, அதன் பட்டியல் மட்டும் நம்மவர் மூளையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்பட்டியலிலும் ஒரு சங்கதியை நம் கனவான்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். தேசியப் பள்ளி மாணவன் ஐந்து தாள் எழுதிய காலத்தில் தமிழ்ப் பள்ளி மாணவன் ஏழு எழுதினான். 2016 இல் அவனுக்கு ஆறு என்றபோது இவனுக்கு எட்டு. மூன்று மொழியைத் தூக்கிக்கொண்டு ஓடியவனை இரண்டு மொழிக்காரனோடு நிறுத்தி, இவன் மெதுவாக ஓடினான் என்று சிரிப்பது என்ன நியாயம்?

இனி, அப்பள்ளியில் இருப்போர் யார் என்பதைப் பார்ப்போம். விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்றது. அன்று பத்துப் பேர் ஒரு பள்ளி தொடங்கப் போதுமான தொகை; இன்று பத்துப் பேர் என்றால் மூடிவிடலாமே என்கிறார்கள். நூற்றைம்பதுக்குக் குறைந்தாலே "குறைந்த மாணவர் பள்ளி" என்று முத்திரை. 1957 இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புக்கு விற்கப்பட்டன. ஜனங்கள் பட்டணம் போனார்கள். பள்ளிக்கூடம் செம்பனைக்கு நடுவே நின்றுவிட்டது. நிலம் கம்பெனியுடையது என்பதால் பல பள்ளிகளுக்குச் சர்க்காரின் உதவி பகுதி உதவியாகவே வந்தது. உபாத்தியாயர் சம்பளம் வரும், கட்டடத்துக்குக் கையேந்த வேண்டும்.

போகக்கூடியவர்கள் போயினர், போக இயலாதவர்கள் தங்கினர். ஆகவே அங்கே மிஞ்சிய வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் வண்டியில்லாத வீட்டுப் பிள்ளைகள், பாலர் பள்ளியைக் காணாத பிள்ளைகள், தாத்தா பாட்டியின் நிழலில் வளரும் பிள்ளைகள். பட்டணத்துப் பள்ளிக்கு வருகிறவனோ எழுத்துக் கூட்டக் கற்றே வருகிறான். மாலையில் கூலி கொடுத்துத் தனிப் பாடமும் பெறுகிறான். அவன் தேறினால் அது பள்ளியின் கீர்த்தி! அமெரிக்காவில் கோல்மன் என்பார் தலைமையில் 1966 இல் வெளிவந்த பெரிய அறிக்கை, பிள்ளைகளின் தேர்ச்சி வேற்றுமைக்குப் பள்ளிகளின் வசதி வேற்றுமையைவிடக் குடும்ப நிலையே பெரிதும் காரணம் என்று கண்டது. அதைப் படிக்க வேண்டுமென்பதில்லை. ஒரு நாள் காலையில் தோட்டத்து லயத்தருகே நின்று பார்த்தாலும் விளங்கும்.

"அப்படியானால் ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்கிறீரோ?" என்று சிலர் குதிக்கக்கூடும். அன்று! அப்படிச் சொல்லுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். "தோட்டத்துப் பிள்ளைகள்தானே, இவ்வளவுதான் வரும்" என்று மூன்று மணிக்கு முன்னமே கடிகாரத்தைப் பார்க்கும் சில உபாத்தியாயர்கள் உளர். வறுமையை அவர்கள் குடையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏழு 'ஏ' வாங்கிய நால்வரின் படத்தைச் சுவரில் ஒட்டி, வாசிக்கத் தெரியாத பதினைந்து பேரைப் பின் பெஞ்சில் உட்கார வைத்த பள்ளிகளும் இருந்தன. அந்தப் பதினைவரில் பலர் மலாய் மொழி போதாமையால் புகுமுக வகுப்பில் ஓராண்டை இழந்து, பிறகு இடைநிலைப் பள்ளியையே துறந்தார்கள். பரீட்சை நீங்கிய பின் அத்தகைய பிள்ளை ஆறாண்டும் யார் கண்ணிலும் படாமலே வெளியேறிவிடுதல் இன்னும் எளிது. ஆதலின் அளக்கவே கூடாது என்பார் கட்சியிலும் நாம் இல்லை.

பள்ளி தன்னிடம் வந்த பிள்ளையை எங்கிருந்து எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று அளக்கட்டும். வரும் பெற்றோர் கூட்டத்தில், அன்பர்களே, எத்தனை 'ஏ' என்று கேளாதீர். முதலாம் ஆண்டில் எழுத்தறியாமல் வந்தவர் எத்தனை பேர், அவர்களுள் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசித்தவர் எத்தனை பேர் என்று தலைமை உபாத்தியாயரைக் கேளுங்கள். பேர் பேராகச் சொல்லக்கூடிய பள்ளி உங்கள் தோட்டத்தருகே இருந்தால், அங்கே எட்டே பிள்ளைகள் இருந்தாலும், ஒன்பதாவதாக உங்கள் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேருங்கள். சொல்ல முடியாமல் விழிக்கும் பள்ளியில், அது பட்டணத்தில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும், பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.