சாட்சிகளை விசாரிப்போம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரவருணி கடலில் கலக்கும் இடத்துக்குச் சமீபத்தில், பழைய காயல் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆற்று வண்டல் சேர்ந்து கடல் விலகிப்போன ஊர். அதைப்பற்றி இந்த வாரம் நாம் எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

"தமிழ்நாட்டுக்கு முஸ்லிம்கள் வாளோடுதான் வந்தார்கள்" என்று படித்தவர்கள் கூடப் பேசக் கேட்கிறோம். மாலிக் காபூரையும் மதுரைச் சுல்தான்களையும் அவர்கள் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நல்லது, சாட்சிகளை விசாரித்துவிடலாம்.

மாலிக் காபூர் மதுரைமீது படையெடுத்தது 1311-ம் வருஷம். அதற்குச் சுமார் இருபது வருஷம் முன்பே மார்க்கோ போலோ இந்தக் கரையைப் பார்த்தார். முத்துக்குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசருக்குச் சேர்ந்தது. ஹொர்மூஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து காயலுக்குக் குதிரைக் கப்பல்கள் வந்தன. பாண்டியரின் துறைமுகங்களை மேற்பார்த்தவர் தகியுத்தீன் என்ற முஸ்லிம் மந்திரி. அவர் சகோதரர் ஜமாலுத்தீன், வருஷத்துக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டிருந்தார். கடலில் மாண்ட குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுத்ததாகப் பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாப் கூறுகிறார். காபூர் வந்தபோது பாண்டியன் படையிலேயே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதற்கு டில்லிக் கவி அமீர் குஸ்ரோவே சாட்சி.

இனிச் சுல்தான்கள். மதுரையில் டில்லியின் பிரதிநிதியாக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் கான், 1335-ஐ ஒட்டித் தாமே சுல்தான் என்று பிரகடனம் செய்தார். அவர் எதிர்த்து எழுந்தது முஸ்லிம் சக்கரவர்த்தியான முகம்மது பின் துக்ளக்கை. பின்வந்தவர்களுள் கியாஸுத்தீன் கொடுமைக்குப் பேர்போனவர். பெண்களையும் குழந்தைகளையும் அவர் கொல்வித்ததை எழுதி, அந்தப் பாவத்துக்காகவே கடவுள் அவர் மரணத்தை விரைவுபடுத்தினார் என்று கண்டித்தவர் யார்? இபின் பதூதா என்ற முஸ்லிம் யாத்திரிகர். அந்தச் சுல்தானுக்குச் சகலரும் அவரே! உறவும் மதமும் அவர் பேனாவைத் தடுக்கவில்லை.

1378-ஓடு அந்த ராஜ்யம் முடிந்தது. விஜயநகரத்தின் கை ஓங்கியது. சுமார் நாற்பத்து மூன்று வருஷங்களில் எட்டுச் சுல்தான்கள் வந்து போனார்கள். அவர்களுக்கு முன்பே கடல் வழியாக வந்த வியாபாரிகளின் சந்ததியார் போகவில்லை. தமிழே பேசி, இந்த மண்ணிலேயே தங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் நபிகள் நாயகத்தின் சரிதையைச் சீறாப்புராணம் என்ற தமிழ்க் காவியமாகப் பாடிய உமறுப் புலவர், இதே ஜில்லாவிலுள்ள எட்டயபுரத்தில்தான் வாழ்ந்தார்.

வாளைப்பற்றி மீண்டும் யாரேனும் பேசினால், காயல் துறையில் இறங்கிய குதிரைகளைப்பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.