சோலார் போட்டால் பில் எவ்வளவு குறையும்? செலாயாங்கிலிருந்து ஒரு கணக்கு

செலாயாங்கில் எங்கள் வரிசை வீடுகளின் கூரைகளை எண்ணிப் பார்த்தேன். எங்கள் லோரோங்கில் மட்டும் ஏழு வீடுகளில் சோலார் தகடுகள் ஏறிவிட்டன. எட்டாவது வீடு எங்களுடையதாக இருக்கட்டும் என்று ஒரு விற்பனையாளர் சென்ற மாதம் வந்தார். 5 கிலோவாட், 21,000 ரிங்கிட், "பில் கிட்டத்தட்ட சுழியம்". அப்பா கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். ஒரு வாரம் பொறுங்கள் என்று நான்தான் தடுத்தேன்.

காரணம், அந்தச் சுழியம் பழைய விதியின் கணக்கு. நெம் எனப்படும் நிகர மின்னளவைத் திட்டம் 2016இல் வந்தது. 2019 முதல் அதில் ஒன்றுக்கு ஒன்று கழிவு கிடைத்தது. பகலில் ஒரு யூனிட்டை மின்கம்பிக்கு அனுப்பினால், இரவில் வாங்கும் ஒரு யூனிட் முழுதாகக் கழியும். மின்கம்பியே இலவச பேட்டரி போல இருந்தது. அத்திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதி முடிந்தது. அதன் இடத்தில் 2026 ஜனவரியில் சோலார் அதாப் வந்திருக்கிறது. மலாயில் 'அதாப்' என்றால் கூரை. பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

பெயர் மாறியதைவிடக் கணக்கு மாறியதுதான் முக்கியம். 2025 ஜூலை முதல் நம் மின்கட்டணம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு, ஒரு யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், மின்கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். ஆக மொத்தம் 44.43 சென். நம் தகடு தரும் மின்சாரத்தை அந்த நேரத்திலேயே வீட்டில் பயன்படுத்தினால் இந்த 44.43 சென்னும் மிச்சம். வெளியே அனுப்பினால் எரிசக்திப் பகுதியான 27.03 சென் மட்டுமே வரவு. மாத முடிவில் மிஞ்சும் வரவு அடுத்த மாதத்துக்குப் போகாது.

ஆகவே பார்க்க வேண்டியது கூரையின் அளவை அல்ல, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை. எங்கள் வீட்டில் பாட்டி மட்டும்தான். ஒரு காற்றாடி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி. ஏர்கான் ஓடுவதெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல். நானும் தங்கையும் இரண்டு வாரம் காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் மீட்டரைக் குறித்து வைத்தோம். சராசரியாக நாளுக்கு 5 யூனிட், அதாவது மாதம் 150. எங்கள் மொத்தப் பயன்பாடோ 700 யூனிட்.

நம் நாட்டு வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு மாதம் சுமார் 100 யூனிட் தரும். 5 கிலோவாட்டுக்கு 500. அத்தனையும் வீட்டிலேயே செலவானால் மாதம் 222 ரிங்கிட் மிச்சம். எட்டு ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். எங்கள் வீட்டு நிலவரப்படி 150 யூனிட் வீட்டுக்கு, 350 வெளியே என்றால் மிச்சம் 161 ரிங்கிட்தான். பதினோரு ஆண்டுகள் ஆகும். (சேமிப்பு ஊக்கக் கழிவு, வரி ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை.)

அப்படியானால் பேட்டரி? 12,000 ரிங்கிட் கூடுதல் என்றார் விற்பனையாளர். வெளியே போகும் 350 யூனிட்டையும் இரவுக்குச் சேமித்தால், ஒரு யூனிட்டுக்கு 17.4 சென் வீதம் மாதம் 61 ரிங்கிட் மட்டுமே கூடுதல் ஆதாயம். போட்ட பணம் திரும்பப் பதினாறு ஆண்டுகள். துணி துவைப்பதையும் அரிசி வேகவைப்பதையும் பகலுக்கு மாற்ற ஒரு சென்கூடச் செலவில்லை. பாட்டி சம்மதித்தால் போதும்!

அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டு நகரவும் எனக்கு மனமில்லை. கம்பிகளுக்கும் மின்நிலையங்களுக்கும் பராமரிப்புச் செலவு இருக்கிறது. சோலார் வீடுகள் அதைத் தராவிட்டால், சோலார் போட முடியாதவர்கள் தலையில்தான் அது விழும். அத்தை மலிவு விலை அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருக்கிறார். அங்கே கூரை தனி ஒருவருக்குச் சொந்தமில்லை; அது பொதுச் சொத்து, நிர்வாகக் குழுவின் பொறுப்பு. அவர் நினைத்தாலும் ஒரு தகடு வைக்க முடியாது. ஆனால் பயன்பாடு 300 யூனிட்டைத் தாண்டும் மாதங்களில், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான 1.6 விழுக்காடு அவருடைய பில்லிலும் ஏறுகிறது. 2024இல் அரசு தந்த 4,000 ரிங்கிட் வரையிலான சோலார் தள்ளுபடியும் சொந்தக் கூரை உள்ளவர்களுக்குத்தான் பயன்பட்டது. செலாயாங்கில் அடுக்குமாடிகளுக்குப் பஞ்சமில்லை. பசுமை எரிசக்தி பற்றி வகுப்பில் கட்டுரை எழுதும்போது இந்த நான்காம் மாடியை நாம் எத்தனை பேர் நினைக்கிறோம்?

மிகக் குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் ஊக்கக் கழிவு யூனிட்டுக்கு 25 சென். பில் 40 ரிங்கிட்டைக்கூடத் தொடாது. அங்கே 21,000 ரிங்கிட் தகட்டுக்கு வேலையே இல்லை.

விற்பனையாளர் போன வாரம் மீண்டும் வந்தார். மீட்டர் குறித்த தாளை அப்பா அவர் முன்னால் வைத்து, "பகல்ல எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு நீங்க ஏன் தம்பி கேக்கவே இல்ல?" என்றார். அவர் தாளைப் படம் பிடித்துக்கொண்டு, புதிய விலைப்பட்டியலுடன் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். பாட்டி இப்போது காலை பதினொரு மணிக்குத் துணி துவைக்கிறார்.